நாலு பேர் பாஸை எப்போது புதுப்பிப்பது?

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் கடைசிவரை 'ஏட்டி' என்றே கூப்பிட்ட என் அண்ணனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கருங்கல் ஊரில் உன் எலக்ட்ரிக் கடையை இப்போது நான்தான் திறக்கிறேன். உன் போனும் என்னிடம்தான் இருக்கிறது. பழைய வாடிக்கைக்காரர்கள் அதில்தான் கூப்பிடுகிறார்கள். சிலர் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள்.

போன மாதம் அதில் ஒரு பெண் கூப்பிட்டாள். தீம் பார்க்கிலிருந்து பேசுகிறாளாம். உனக்கும் மைனிக்கும் உங்கள் மகள் அபிக்கும் எனக்கும் சேர்த்து நீ எடுத்த வருடப் பாஸ் முடியப்போகிறதாம். இப்போதே புதுப்பித்தால் சலுகையாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கூப்பிட்டாள். இவ்வளவு கரிசனம் எதற்கு? மிச்சமிருக்கும் நாட்களை விழுங்கத்தானே? நம் ஊரில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழையில் பாதி ராட்டினம் ஓடாது. மழையெல்லாம் முடிந்த பிறகு எடுத்தால் என்ன?

நீ இருந்தால் சிரித்திருப்பாய். பாஸ் எடுத்த அன்று நான் நிபந்தனைகளை வாசித்துக்கொண்டு நின்றபோது, "ஏட்டி, நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள அவன் பார்க்கையே பூட்டிருவான்" என்றாயே.

பிறகு ஒரு புதன்கிழமை காலை உன் போனில் ஒரு செய்தி வந்தது: 'இன்றைய வருகைக்கு நன்றி.' நான் கடையில் இருந்தேன். அபி பள்ளிக்கூடத்தில். நீ... சரி, விடு. மைனி பேங்குக்கு என்று சொல்லி நாகர்கோவில் போயிருந்தாள். விளம்பரம் என்று நான் திறக்காமல் விட்ட செய்திகளைத் தேடிப் பார்த்தேன். இதே போல இன்னும் நாலு. எல்லாம் புதன்கிழமை.

சாயங்காலம் கேட்டேன். "பேங்குல கூட்டமா மைனி?"

"நல்ல கூட்டம்ட்டி. நின்னு நின்னு காலு போச்சு."

அவள் பின்னலின் நுனி காயவில்லை. பக்கத்தில் போனால் குளோரின் வாசம். அண்ணா, நான் நினைத்ததை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? புருஷன் செத்து வருடம் திரும்பவில்லை. பொய் சொல்லிவிட்டுத் தண்ணீரில் விளையாடப் போகிறவள் தனியாகவா போவாள்? அந்த வாரம் முழுக்க அவள் போனை எடுக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே.

அடுத்த புதன்கிழமை கடையைப் பூட்டினேன். அவள் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறி நேராக பார்க்குக்குப் போனேன். ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்த எல்லா முகங்களையும் உற்றுப் பார்த்தேன். கடைசியில் அலைக் குளத்தில் அவளைக் கண்டேன். பழைய சுடிதார், கழுத்தளவு தண்ணீர். பக்கத்தில் யாரும் இல்லை.

சைரன் ஊதியது, அலை வந்தது. எல்லோரும் கத்தினார்கள். மைனியும் கத்தினாள். அலை அடங்கியதும் மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அலைக்குக் காத்து நின்றாள். அது வந்ததும் மறுபடியும் கத்தினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அவள் அப்படிக் கத்தவில்லை அண்ணா.

படியேறி வந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"வேவு பாக்க வந்தியா?"

"ஆமா மைனி."

"யாரு கூட வந்திருப்பேன்னு நெனச்சே?"

அவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்தது.

"வீட்டுல அழ முடியலட்டி. பாத்ரூம் கதவச் சாத்துனா அபி வந்து தட்டுகா. திற்பரப்பு அருவிக்குப் போனா தெரிஞ்ச ஆளு யாராவது நிப்பாங்க. இங்கன எல்லாரும்லா கத்துகாங்க. என்னை யாரு பாக்கா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"உங்கிட்டயா? அவரு போன பொறவு நீ ஒரு சொட்டு கண்ணீரு விடல்ல. உன் முன்னால நான் எப்பிடி அழுவேன்?"

அது உண்மையா அண்ணா? நான் அழவே இல்லையா?

இரண்டு பேரும் கவுண்டருக்குப் போய்ப் புதுப்பிப்பது பற்றி விசாரித்தோம். முடிகிற தேதிக்குள் எந்த நாள் புதுப்பித்தாலும், புது வருடம் பழைய பாஸ் முடிந்த மறுநாள்தான் தொடங்குமாம். ஆனால் இனி வருகிறவர்களின் பேர் மட்டும்தான் இருக்குமாம். திரையில் நம் நாலு பேர் படமும் தெரிந்தது. நீ அன்றைக்குச் சவரம்கூடச் செய்திருக்கவில்லை.

"கடைசி நாளு வாறோம்," என்றாள் மைனி. "அதுவரைக்கும் அவரு படம் கெடக்கட்டு."

நான் விடவில்லை. கடைசி நாள் என்றால் எத்தனை மணி வரை? அன்றைக்கும் சலுகை உண்டா? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனாலும் தந்தாள்.

நேற்றுதான் அந்தக் கடைசி நாள். அபியையும் கூட்டிக்கொண்டு போனோம். கம்ப்யூட்டரில் ஒரு தட்டு. நாலு மூன்றாகிவிட்டது. மைனி அபியின் முன்னால் முதல்முறையாக உடைந்து அழுதாள். அபி பயப்படவில்லை. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீ அழுவியா? உனக்கு அப்பாவ மறந்துபோச்சோன்னுல்லா நெனச்சேன்" என்றாள். அந்தக் குழந்தையும் இத்தனை நாள் சந்தேகப்பட்டுத்தான் கதவைத் தட்டியிருக்கிறாள்.

பழைய கார்டுகளைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். "எங்க எழுதியிருக்கு?" என்றேன். தேடினார்கள், மேனேஜரையும் கூப்பிட்டார்கள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. உன் கார்டு இப்போது மைனியின் பர்ஸில் இருக்கிறது.

"தகவல் அனுப்ப எந்த நம்பர் போடட்டும்?" என்று கவுண்டரில் கேட்டார்கள். உன் நம்பர் என் வாய்வரைக்கும் வந்தது. மைனியின் நம்பரைச் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இனி அவள் எந்த நாள் போனாள், வந்தாள் என்று எனக்குத் தெரியவராது. இது எனக்கு எளிதில்லை அண்ணா. இன்று காலைகூட அவள் போனில் யாரோடோ சிரித்தபோது என் காது தானாக அந்தப் பக்கம் போனது. ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டேன். ஒருநாள் அவள் கூட யாராவது இருந்தாலும், நான் பின்னால் பஸ் ஏறமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பகவதி