வினோதினி வீட்டுக்குப் போன சீட்டுக்கட்டு

ஜூலை 7, திங்கள்

கொளுத்தும் வெயில். உப்பளத்து வீட்டிலிருந்து பள்ளிக்கு வருவதற்குள் பாதி உயிர் போயிற்று. ஐந்தாம் வகுப்புக்கு ஸ்பெல்லிங் சீட்டாட்டம். லைட், நைட், ரைட். கடைசி எழுத்துகள் ஒன்றாக இருப்பதைச் சேர்த்து, வாசித்துக் காட்டிக் கீழே இறக்க வேண்டும். கையிலுள்ளதை முதலில் தீர்ப்பவருக்கு வெற்றி. அட்டை வெட்டத் தெம்பில்லை. வீட்டில் கிடந்த பழைய சீட்டுக்கட்டின் மேலேயே வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டேன். முதுகுப்பக்கம் அப்படியே சிவப்பு.

வாயே திறக்காத வினோதினி இன்று வாசித்தாள்! சந்தோஷத்தில், வீட்டிலும் விளையாடு என்று சீட்டுக்கட்டையே கொடுத்தனுப்பினேன்.

வாங்க: கோந்து, தைலம்.

ஜூலை 8, செவ்வாய்

வினோதினி வரவில்லை. "அவங்க வீட்ல சண்ட மிஸ்" என்கிறாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

தலைவலி. தைலம் மறந்தாயிற்று.

ஜூலை 10, வியாழன்

இன்றும் வரவில்லை. அவள் அம்மாதான் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்தார். மீன் விற்ற கையோடு, கூடையோடு. நியூஸ்பேப்பரில் சுற்றிய சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்தார்.

"இத நீங்களா குடுத்தீங்க டீச்சர்?"

"ஆமாம்மா."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். கணவர் ஏழுமலை சீட்டாடிச் சீரழிந்தவராம். போன வருஷம் கோயிலில் கற்பூரம் ஏற்றி, மகள் தலையில் கைவைத்து, இனிச் சீட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம். மீறினால் பிள்ளைக்கு ஆகாது.

"அவருதான் புள்ள பைல ஒளிச்சிட்டாருன்னு நெனச்சேன். டீச்சர் குடுத்தாங்கன்னு இவ சொன்னா. டீச்சர் சீட்டு குடுப்பாங்களான்னு அவளயும் அடிச்சிட்டேன். அவரு எங்கிட்ட பேசறதே இல்ல டீச்சர்."

எல்லாம் என் சோம்பேறித்தனம். வெட்கமாக இருக்கிறது. நாளை மூவரும் வந்து ஆட்டத்தைப் பாருங்கள் என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. செருப்பு டப்பாவை வெட்டிப் புது அட்டைகள். கட்டைவிரல் வீக்கம்.

மூவரும் ஒரே வண்டியில் வந்தார்கள். அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். ஏழுமலை வரவில்லை. வராந்தாவிலேயே, முதுகைக் காட்டிக்கொண்டு. ஆட்டம் முடியும்வரை திரும்பவே இல்லை.

வினோதினி எல்லாம் வாசித்தாள். ஆனாலும் தோற்றாள். மிச்ச அட்டையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

"முடிஞ்சிதா டீச்சர்?" திரும்பாமலேயே கேட்டார் ஏழுமலை.

"முடிஞ்சிதுங்க. நல்லா வாசிச்சா. ஆட்டத்துலதான் தோத்துட்டா."

"தோத்ததும் எழுந்துட்டாளா?"

"எழுந்து போயிட்டாளே."

அப்போதுதான் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"எனக்கு அப்பிடி எழுந்துக்க வரல டீச்சர்."