கொலையாளியைச் சொல்லிவிட்ட சிறப்பு விருந்தினர்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, உனக்கும் அப்படியே இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. மனசு எப்படி என்று மட்டும் கேட்காதே, அது உன்னால் கொதித்துக்கொண்டிருக்கிறது. அம்மா, நம்ம வெளியீட்டு விழா வீடியோவ ஆறாயிரம் பேர் பாத்துட்டாங்க, இதுதான் விளம்பரம் என்று நேற்று எழுதிக் கைதட்டும் பொம்மைகள் வேறு அனுப்பியிருந்தாய். நீ சத்தம் வைத்துக் கேட்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது, கேட்டிருந்தால் கைதட்டியிருக்க மாட்டாய். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டு முன்னறையில் பதிப்பகம் நடத்துவது உனக்கு விளையாட்டாக இருக்கிறது. விற்றால் பார்க்கலாம் என்றுதான் கடைக்காரர்கள் புத்தகத்தை வாங்கி வைப்பார்கள், தேர்வு வழிகாட்டிகளுக்குப் பின்னால் செருகுவார்கள், கடைசியில் முனை மடங்கி அட்டை அழுக்காகித் திருப்பிக் கொடுப்பார்கள். உன் அப்பா முட்டிவலியோடு ஸ்கூட்டரில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாக அலைகிறார், தைலம் தேய்ப்பது நான். விழாவில் வெளியிட்ட இந்தத் துப்பறியும் நாவலை மட்டும் அந்தக் கதிக்கு விட எனக்கு மனசில்லை. எழுதியவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், ஆட்கள் வராத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வருடக்கணக்காக எழுதியது. இது போகலேன்னா இனி பேனாவைத் தொட மாட்டேங்கக்கா என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்துவிடுவாள். பெரிய புத்தகக் கடைக்காரரும், விழா நல்லா நடந்தா வாசல் மேசையிலயே வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பேச்சாளரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடு, அவர் பின்னாடியே கூட்டம் வரும் என்று யோசனை சொன்னது நீ. அவர் எந்தப் புத்தகத்தையும் படிக்காமல்தான் பேசுவார், அட்டையைத் தடவியே ஒரு மணி நேரம் ஓட்டுவார் என்பது ஊரறிந்தது. அந்தத் தைரியத்தில்தான் நானும் சரி என்றேன். போயும் போயும் இந்த ஒரு புத்தகத்தை அந்த மனுஷர் வரி விடாமல் படித்துவிட்டு வந்திருக்கிறார்! மைக்கைப் பிடித்ததும், கொலை பண்ணினது யாருன்னு நான் பாதியிலயே கண்டுபிடிச்சுட்டேன் என்று ஆளைச் சொல்லிப் போட்டு உடைத்தார். எப்படி, எதற்காக என்பதையும் விடவில்லை. புத்தகம் அடுக்கியிருந்த மேசையில் உன் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு நான் காட்டிய சைகையெல்லாம் வீண், பெரிய மனுஷர் பேசும்போது எப்படித் தடுக்கிறது என்று டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் என் பக்கம் குனிந்து, முடிவு தெரிஞ்ச கதைய எவன்மா வாங்குவான் என்று கேட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

கடைசியில் எழுதியவளின் ஏற்புரை. நன்றி சொல்ல எழுதிவந்த காகிதத்தை அவள் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஐயா ரொம்ப ஆசையாப் படிச்சிருக்கார், சந்தோஷம், ஆனா கொலையாளி அவர் சொன்ன ஆள் இல்ல என்று குரல் நடுங்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பேச்சாளரே அவசரமாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். செருப்பை மாட்டிய கடைக்காரர் திரும்பி வந்தார், மேசையில் இருந்த புத்தகம் அத்தனையும் விற்றுப்போய்விட்டது. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நீ மெச்சிக்கொள்ளும் வீடியோ கிளம்பிவிட்டது. எடுத்தவர் பேச்சாளரின் சீடர், குருநாதர் உட்கார்ந்ததும் கேமராவை மூடிவிட்டார், அதில் ஏற்புரையே கிடையாது. ஆறாயிரம் பேருக்குக் கொலையாளியை இலவசமாகக் கொடுத்தாயிற்று. கடைக்காரர் மறுபடி முகம் சுளிக்கிறார், இந்த மாசம் வாசல் மேசையில வச்சுப் பாக்கிறேன், நகரலேன்னா பின்னாடி அலமாரிதான் என்கிறார். அவளோ எனக்குப் போன் செய்வதையே நிறுத்திவிட்டாள்.

அதனால் இனி புது யோசனை எதுவும் வேண்டாம், சொன்னதைச் செய். நாங்கள் அனுப்பிய பிரதி உறைகூடப் பிரிக்காமல் உன் அலமாரியில் கிடக்கும், எனக்குத் தெரியாதா உன்னை? அதை எடுத்துப் படி. படித்து முடிக்கும்வரை அந்த வீடியோவில் சத்தத்தை வைக்காதே. முடித்ததும் அவள் ஏற்புரையில் சொன்னதையும் உனக்குப் பட்டதையும் அதன் கீழே எழுது, உன் நண்பர்களையும் படித்துவிட்டு எழுதச் சொல், கொலையாளியை மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அவர் சொன்னது சரியா, இவள் சொன்னது சரியா என்று என்னைக் கேட்காதே. யாருக்கும் சொல்லிடாதீங்கக்கா, வீட்டு ஆளுங்களுக்குக்கூட என்று விழா முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வாக்குக் கொடுத்துவிட்டேன். ஜென்மத்தில் புத்தகம் தொடாத உன் அக்கா, நான் சொல்ல மறுத்த ஆத்திரத்திலேயே பாதிக்கு மேல் படித்துவிட்டாள். உன்மேல் இருக்கிற கோபத்துக்கு, கொலையாளியின் பெயரை இந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். கை வரவில்லை. பெற்ற பிள்ளையானாலும் முந்நூறு பக்கமும் படித்தால்தான் உண்டு.

ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். இரவில் கண் விழிக்காதே என்று எப்போதும் எழுதுவேன், இந்தப் புத்தகத்துக்கு மட்டும் விழித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா