வடக்குச் சுவரில் ஒரு கோடு

அக்டோபர் 5, 1998, காப்பெல்

இன்றும் சாம்பாரில் பெருங்காயம் போதவில்லையாம். மாமியார் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அமெரிக்க விசா இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

அக்டோபர் 9

லண்டனுக்கு வடக்கே நார்ஃபோக்கிலிருந்து பாதிரியாரின் கடிதம். மழை ஒழுகியதால் சர்ச்சின் வடக்குச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு பூசிவிட்டார்களாம். பூசட்டும், நன்றாகப் பூசட்டும்!

தீசிஸுக்காக மூன்று வருடமாகக் காகிதத்தில் ஊகித்ததை ஆகஸ்டில்தான் கண்ணால் பார்த்தேன். கொடி மண்டிக் கிடந்த சுவரைப் போன வருடம்தான் சுத்தம் செய்திருந்தார்கள். தரையிலிருந்து கூரைவரை நேராக ஒரு கோடு. இரண்டு பக்கத்துக் கற்களும் பின்னாமல் தனித்தனியே நிற்கும். கட்டடம் முதலில் அங்கேயே முடிந்தது, இருநூறு வருடம் கழித்து வந்தவர்கள் நீட்டினார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. இப்போது அதுவும் சுண்ணாம்புக்கு அடியில்.

அக்டோபர் 12

என் கைடு ஹோல்ட், அந்தச் சர்ச் மொத்தமும் ஒரே காலத்துக் கட்டடம் என்று புத்தகமே எழுதியவர். நான் வரைந்திருந்த படத்தை விரலால் தள்ளினார். கோடு யார் வேண்டுமானாலும் வரையலாமாம். டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஃபோட்டோ இல்லையென்றால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தால் தீசிஸில் நன்றியுரை மட்டும் மிஞ்சும்.

அக்டோபர் 13

ஆல்பத்தைப் புரட்டினேன். மாமியாரைச் சென்னையிலிருந்து அழைத்து வரும் வழியில் லண்டனில் இறங்கி, ஒரே ஒரு நாள் அங்கே போனோம். நான் உள்ளே டேப் பிடித்து அளந்தேன். வெளிச்சுவர்களைப் படம் எடுக்கும் பொறுப்பு கிரீஷுடையது. கட்டின புருஷன், செய்வான் என்று நம்பினேன். வாசலில் அம்மா, ஜன்னலுக்கு முன்னால் அம்மா, கோபுரத்தடியில் அம்மா. வடக்குச் சுவர் ஒன்றுகூட இல்லை.

கத்தினேன். "வெறும் செவுத்த யாராவது எடுப்பாளா ப்ரியா? ஃபிலிம் வேஸ்ட். அந்தப் பக்கம் அம்மா நிக்கவே மாட்டேன்னுட்டா" என்றான்.

மறப்பேனா? அந்தப் பக்கம்தான் கல்லறைகள். "சுடுகாட்டுல நிக்க வெச்சு போட்டோ எடுக்கறியேடா, நன்னாருக்கா?" என்று ஊரே கேட்கக் கூச்சல். உடனே ஹோட்டலுக்குப் போய்க் குளித்தாக வேண்டுமாம். நாள் முழுக்க இருக்க வந்தவள் நாற்பது நிமிடத்தில் காரில் ஏறினேன். நானே ஒரு படம் எடுத்திருக்கக் கூடாதா? ஏன் எடுக்கவில்லை?

எல்லாவற்றையும் மாமியாரின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். "நானாடி உன்ன செவுத்த அளக்கச் சொன்னேன்?" என்றார். இனி இவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

நவம்பர் 2

நான் வைத்த ரசத்தைத் தொடாமல் வெறும் தயிர்சாதம் சாப்பிடுகிறார். சாப்பிடட்டும்.

நவம்பர் 21

அலமாரியை ஒழித்தபோது ஒரு கவர். சரியாக வரவில்லை என்று கிரீஷ் ஆல்பத்தில் ஒட்டாமல் ஒதுக்கிய படங்கள். கடைசிப் படத்தில் மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரை ஒட்டி, விடுவிடுவென்று கேட்டை நோக்கிப் போகிறார். முகம் இல்லாத படம், அதனால் ஒதுக்கிவிட்டான்.

அவருக்கு நாலடி பின்னால் என் கோடு. தரையிலிருந்து கூரைவரை. மகன் சொன்ன இடத்தில் நின்றிருந்தால் அதன் அடிப்பாதியை மறைத்திருப்பார்!

நவம்பர் 24

ஹோல்ட் லென்ஸ் வைத்து இருபது நிமிடம் பார்த்தார். "அளவுகோல் வைக்காத படம் எதற்கு உதவும்?" என்றார். அதிலாவது ஜெயிக்க வேண்டும் அவருக்கு.

"இருக்கிறதே. என் மாமியார்" என்றேன்.

நவம்பர் 25

ஆறு வாரம் கழித்து நான்தான் பேச வேண்டியதாயிற்று. "அம்மா, செத்த இந்தக் கதவோரம் நில்லுங்கோ." எதற்கு என்றார். படத்தைக் காட்டிச் சொன்னேன்.

"அந்தச் சுடுகாடா? ஸ்வெட்டர்ல தலைப்பு சுருண்டு கெடக்கு. இதையா புஸ்தகத்துல போடப்போற?"

"ஆமாம்."

பென்சிலைத் தலைக்கு நேராக வைத்தேன். சட்டென்று நகர்ந்துவிட்டார். திமிர், என்று நினைத்தேன்.

"இருடி. அன்னிக்கு ஷூ போட்டுண்டிருந்தேன். தப்பா அளந்து வெக்காதே" என்று கராஜுக்குப் போய் ஷூவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, கதவோரம் விறைப்பாக நின்றார்.

டிசம்பர் 4

ஹோல்ட் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். அத்தியாயம் இருக்கிறது.

படம் 14: வடக்குச் சுவர். அளவுக்கு: திருமதி நாகமணி, ஷூவுடன் நான்கு அடி பதினொரு அங்குலம்.