‘ஷோக்கா கீறேன்’ வேண்டாம்

சகாயம்,

நெத்திலிக் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டு மாத்திரை போடு.

பதினொரு மணிக்கு உன் மனநோய் உதவித்தொகையை மறுபடி பரிசீலிக்க ஒரு மேடம் வருவார். மருந்துச் சீட்டெல்லாம் டிவி மேல் இருக்கிறது. போன தடவை, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டதற்கு, “ஷோக்கா கீறேன் மேடம்” என்றாய். ‘நலம்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். நாலு மாதம் பணம் நின்றது. நேற்று ஒத்திகையிலும் அதையே சொன்னாய். அதனால்தான் கத்தினேன். தூக்கம் வராததை, காதில் குரல் கேட்பதைச் சொல்லு.

துறைமுக கேட்டில் நான் டீ விற்ற நாட்களில், கிரேனை விட்டு இறங்கி வந்து தினமும் ‘ஷோக்கா கீறேன்’ என்றுதான் சொல்வாய். அதில்தான் நான் விழுந்தேன்.

பிலோமி

பி.கு.: சாயந்திரம் வந்து, “எப்படி இருக்கே?” என்று கேட்கிறேன், அதை என்னிடம் சொல்லு. நான் எங்கேயும் எழுத மாட்டேன்.