சிங்கத்தின் வாய்

கார்த்திகை, சனிக்கிழமை.

மியூசியத்தில எனக்குக் காவல் வேலை. இண்டைக்கு ஹம் நகரத்தில இருந்து வந்த எங்கட தமிழ் அக்கா ஒருத்தி, கிரேக்கக் கோயில் கூரையில இருந்து கழட்டின பளிங்குச் சிங்கத்தலைக்குக் கீழ கையை ஏந்திக்கொண்டு நிண்டா. எங்கட கோயில் கோமுகியில வழியிற தீர்த்தம் பிடிக்கிற மாதிரி.

"கிட்டப் போகக்கூடாது அக்கா," எண்டன்.

"பழக்கம் தம்பி. இந்த வாயால என்ன வாறது?"

"கூரையில விழுற மழைத்தண்ணி."

"அப்ப ஏன் உள்ளுக்க வச்சிருக்கிறியள்?"

நனைஞ்சா கல்லுப் பழுதாப்போம் எண்டன். வேலைக்குச் சேரேக்க எனக்குச் சொல்லித்தந்த பதில். அவ ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, ஏந்தின வெறுங்கையை உச்சியில தடவிக்கொண்டு போயிட்டா.

அந்தப் பதில் எனக்கே இப்ப பிடிக்கேல்லை. வெளியில மழை கொட்டுது. மழையைத் துப்பவெண்டே செதுக்கின வாய் அங்க காய்ஞ்சுபோய்க் கிடக்கு. நாளைக்கும் அது நனையாமப் பாக்கிறது நான்தான்.