லிஃப்டில் வந்த மேடம் கேட்ட கேள்வி

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. வாய்தான் வழக்கம்போல ஓயவில்லை. நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? ஃபோனில் காலேஜ் என்ற பேச்சை எடுத்தாலே, "சிக்னல் இல்லப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி உள்ளேயேதான் இருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. மருந்துக் கடையில் அம்மாவுக்கு இந்த மாதம் காலை நேர வேலை. அதனால் காலைச் சமையல் என் பொறுப்பு. அதன் ருசியைப் பற்றி அவளிடம் கேட்டுவைக்காதே. போன வாரம் வாஷிங் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கற்கள். எல்லாம் உன் ஜீன்ஸ் பையிலிருந்து விழுந்தவை. ஊர் உலகத்தில் பெண்கள் பையில் சீப்பு வைப்பார்கள், என் மகள் கல் வைப்பாள் என்று அம்மா திட்டினாள். திட்டிவிட்டு, கழுவித் துடைத்து, உன் அலமாரியில் மற்ற கற்களோடு வைத்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். கல்லையும் மண்ணையும் பற்றிப் படிக்கிற நிலவியல்தான் வேண்டும் என்று ஏழாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் ஃபெயிலானாய். மறுதேர்வு எழுதிப் பாஸும் செய்துவிட்டாய். அதற்குப் பிறகும், "ஃபெயிலான பொண்ண கவர்மென்ட் யுனிவர்சிட்டில எவன் சேத்துக்குவான்? நான் இங்கயே பில் போடுறேன்" என்று அத்தையிடம் சொன்னாயாம். அத்தையின் அழகு நிலையத்தில் பில் போடுவது மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் வராத நேரத்தில் நீ தெருவில் கொட்டியிருக்கும் ஜல்லியைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாய் என்று அத்தை சொல்கிறாள்.

இங்கே உன் மாமா சும்மா இருப்பாரா? மறுதேர்வில் பாஸானவர்கள், முதலில் ஏன் தவறினோம் என்று விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இன்சூரன்ஸ் விற்கிற வாய் அல்லவா, உட்கார்ந்த இடத்திலேயே நீ எழுதுவதுபோல் ஒரு பக்கம் எழுதி, உனக்கு டைபாய்டு வரவழைத்துவிட்டார். கடைசி வரியில் நீ கண்ணீர் வேறு விடுகிறாய். அதைப் படித்த அம்மா, "அந்த மாசம் அவ நல்லா சாப்பிட்டு ரெண்டு கிலோ ஏறினா. ஒரு தலைவலி மாத்திரைகூட தொடல" என்றாள். மாமாவுக்குக் கோபம். நானும் ஒன்று எழுதிப் பார்த்தேன். உன் வேதியியல் ஆசிரியர் சரியில்லை என்று ஆரம்பித்தேன். அதே ஆசிரியரிடம் படித்த எதிர்வீட்டுப் பெண் முதல் மார்க் வாங்கியது ஞாபகம் வந்தது. நிறுத்திவிட்டேன்.

அடுத்து நான் செய்த கோமாளித்தனம். யாராவது கண் காது மூக்கு வைத்து உனக்குச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வது எங்கள் கம்பெனிதான். வியாழக்கிழமை லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றைப் பார்க்கப் போயிருந்தேன். வேலையை முடித்து, சரியாக ஓடுகிறதா என்று லிஃப்டுக்குள் நின்றிருந்தபோது ஒரு மேடம் ஏறினார். கழுத்தில் தொங்கிய அட்டையில் மாணவர் சேர்க்கைப் பிரிவு என்று இருந்தது. நான்காவது மாடிக்கு அழுத்தினார். அந்த லிஃப்டின் வேகம் என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் வணக்கம் சொல்லி, தொண்டையைச் செருமி, என் மகள் என்று ஆரம்பிப்பதற்குள் அவர் இறங்கிப் போய்விடுவார். லிஃப்டை நிறுத்துகிற சாவி கையில் இருந்தது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நிறுத்திவிட்டேன்.

"ஒரு சின்ன செக்கிங் மேடம்" என்றேன். அவர் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரிப்பேர் லிஃப்டுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். உள்ளதைச் சொன்னேன். நல்ல மனுஷி, கத்தவில்லை. முதலில் லிஃப்டைக் கிளப்பச் சொன்னார். மேலே போய் வராந்தாவில் நின்றே பதில் சொன்னார். மறுதேர்வில் பாஸானவர்களும் ஒவ்வொரு வருஷமும் சேர்கிறார்களாம். இரண்டு மதிப்பெண் பட்டியலையும் மறைக்காமல் இணைக்க வேண்டுமாம். அந்த ஒரு பக்கத்தை அவரே படிப்பாராம். இடம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் விண்ணப்பம் போடாதவர்களைக் கூப்பிட்டு யாரும் இடம் கொடுப்பதில்லை என்றார்.

கிளம்பும்போது சாதாரணமாக, "அது சரி, உங்க பொண்ணு ஏன் ஃபெயிலானா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை, வாண்டு. மார்க் வந்த அன்று மறுதேர்வு எப்போது, டியூஷன் எங்கே என்று ஓடினேனே தவிர, உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து என்னம்மா ஆயிற்று என்று கேட்கவே இல்லை. அம்மாவும் கேட்கவில்லையாம். கேட்டால் நீ அழுதுவிடுவாய் என்று பயந்தாளாம். மாமாவுக்குக் காரணமே தேவையில்லை, அவர் கையில் டைபாய்டு இருக்கிறது. இத்தனை பேர் சுற்றி இருந்தும் நீ அதைத் தனியாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதை நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

உன் பாஸ்வேர்டு தனக்குத் தெரியும், தானே விண்ணப்பத்தைப் போட்டுவிடுவதாகச் சொல்கிறார் மாமா. கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ போட்டால்தான் அது உன் விண்ணப்பம். அந்தப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுது. படிக்கப் பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுது. புரியவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது என்றால் அதை எழுது. வேறு ஏதாவது என்றால் முதலில் எங்களிடம் சொல். இடம் கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது. எனக்கு ஆசை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்த ஆசையைவிட நீ பெரியவள்.

நேற்று அத்தை இன்னொன்றும் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் விடாமல் கேட்டேன். எங்களிடம் சொன்னதுபோல் நீ அங்கே போனது அவளுக்கு உதவி செய்வதற்காக இல்லையாம். தினமும் சாப்பிடும்போது அப்பா எதிரில் உட்காரணும், அவர் முகத்தைப் பார்க்கணும், அதுதான் முடியலை என்றாயாம். இன்று காலை சவரம் செய்யும்போது அந்த முகத்தை நானே ரொம்ப நேரம் பார்த்தேன். கொஞ்சம் வயதாகியிருக்கிறது. நீ பயப்படுகிற மாதிரி எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் நான் பார்த்து என்ன பயன்? விண்ணப்பம் போட்டாலும் வா, போடாவிட்டாலும் வா. வந்து எதிரில் உட்கார்ந்து நீயே ஒரு தடவை பார்த்துக்கொள், கண்ணு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா