ரயில் மாதிரி ஓடும் இழுப்பறை

3 அக்டோபர் 1953, சனி

எங்கள் திருவொற்றியூர் பிரசவ விடுதிக்கு இன்று புது மருந்து அலமாரி வந்தது. பன்னிரண்டு இழுப்பறைகள். நிர்வாகக் கமிட்டி ஐந்து பேர் ஆறு மாதம் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்ததாம். ஐவரில் ஒருவரும் பிரசவ அறைக்குள் கால் வைத்ததில்லை. பதினோரு வருஷமாக இங்கே பிரசவம் பார்க்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் குறைந்திருக்கும்.

இழுப்பறைகள் மரத்தின்மேல் மரமாக ஓடவில்லை. இரு பக்கமும் இரும்புச் சட்டம், அதில் சின்னச் சின்ன உருளைகள். உடைத்த கப்பலிலிருந்து எடுத்தவை. காரியதரிசி தண்டபாணி ஒற்றை விரலால் இழுத்துக் காட்டினார். "பாத்தியாம்மா? ரயில் மாதிரி ஓடுது. கப்பல் சாமான். கடல்லயே கெடந்தது, இங்க கெடக்காதா?"

அப்புறம் ஏன் கப்பலை உடைத்தார்கள் என்று கேட்க நினைத்தேன். கழுத்தில் மாலையோடு நின்றார், விட்டுவிட்டேன்.

11 அக்டோபர்

உருளைகளில் துரு. கடல் முந்நூறு கஜ தூரத்தில் இருப்பதைக் கமிட்டிக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலும்.

16 அக்டோபர், வெள்ளி

இரண்டாவது இழுப்பறையும் ஏழாவது இழுப்பறையும் பாதியில் நின்றுவிடுகின்றன. தண்டபாணியிடம் சொன்னேன். "மெதுவா இழுக்கணும்மா. பொம்பளைங்களுக்குப் பொறுமை வேணும்" என்றார். அடுத்து வலியில் கத்துகிறவளிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆயா செல்லம்மா தேங்காயெண்ணெய் விட்டாள். ஓடியது. எண்ணெய் கீழே சொட்டி, வேகவைத்துச் சுத்தம் செய்த துணியெல்லாம் பாழ்.

ரத்தம் நிற்பதற்கான ஊசி மருந்தை இரண்டாவது அறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். "அலமாரி இருக்க மேசைல இன்னாத்துக்கு?" என்று தண்டபாணி திருப்பி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

27 அக்டோபர், செவ்வாய்

மூன்று நாளாக மழை.

முகத்துவாரக்குப்பத்துக் குப்பம்மாவுக்கு நாலாவது பிரசவம். மத்தியானம் பெண் குழந்தை, நன்றாக அழுதது. அப்புறம் ரத்தம். நிற்கவே இல்லை. என் இரண்டு கையும் அவள் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தன. இரண்டாவது அறையில் மருந்து, எடு என்று கத்தினேன். செல்லம்மா இழுத்தாள்.

"நர்சம்மா, புடி கையோட வந்துட்ச்சி! டிராயரு அங்கியே கீது!"

"ஒடச்சிடு!"

சமையலறைக்கு ஓடி அம்மிக்குழவியைத் தூக்கிவந்தாள். பலகை பிளந்து மருந்து என் கைக்கு வரும்போது சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம் போயிருந்தது. குப்பம்மாவின் உதடு வெளுத்துவிட்டது. "குளுருது நர்சம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிழைத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், அங்கே ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்.

ஏன் உள்ள வெச்சேன்? அந்த ஆளு சொன்னா வெச்சிடறதா? எனக்கு புத்தி எங்கே போச்சு—

30 அக்டோபர்

எனக்கு மெமோ வந்திருக்கிறது. மிட்வைஃப் சொக்கம்மாள், விடுதியின் உடைமையைச் சேதப்படுத்தியதற்குக் காரணம் கூற வேண்டும். தவறினால் வேலை நீக்கம். குப்பம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் விடுதியின் உடைமை இல்லையே.

4 நவம்பர், புதன்

விசாரணை. ஐவரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள், அதிசயம். நான் காரணம் எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை. அலமாரி முன்னால் அழைத்துப்போய் ஏழாவது அறையைக் காட்டினேன்.

"மருந்து இதுக்குள்ள இருக்குன்னு வெச்சிக்குங்க. பக்கத்துல ஒருத்திக்கு ரத்தம் கொட்டுது. தொறங்க சார்."

தண்டபாணி மெதுவாக இழுத்தார். பொறுமையாக இழுத்தார். பிறகு சுவரில் காலை ஊன்றி இழுத்தார். கமிட்டித் தலைவரும் சேர்ந்துகொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்து, "ஒண்ணு" என்றேன். "ரெண்டு." மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். "மூணு."

"போதும்மா" என்றார் தலைவர்.

"குப்பம்மாவுக்கு நாலு சார்."

தலைவர் கையிலிருந்த துருவைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யலாம்னு நீங்க நினைக்கறீங்க?" என்று கேட்டார். 'நீங்க' என்றார். மெமோவைப் பற்றி அதற்கு மேல் பேச்சில்லை.

9 நவம்பர், திங்கள்

ராயபுரத்துத் தச்சர் பக்ருதீன் வந்தார். இரும்புச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "கப்பல்ல இத தெனிக்கும் ஒருத்தன் எண்ணெ போட்டுத் தொடச்சிகினு இருந்திருப்பான்மா. இங்க யாரு தொடப்பா?"

அப்புறம் கேட்டார்: "எதுல கனம்? எத அவசரத்துல தொறப்பீங்க?"

ஆறு மாதக் கமிட்டிக்குத் தோன்றாத இரண்டு கேள்விகள். திரும்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். ஒரு தச்சர் கேட்டதற்கா அழுவது?

கத்தரி, கிடுக்கி வைக்கும் கனமான அறைகள் பித்தளைப் பட்டைமேல் ஓடும், பித்தளை துருப்பிடிக்காது. மற்றவற்றுக்கெல்லாம் கெட்டி மரச் சட்டம், மேலே மெழுகுவத்தி தேய்த்தால் போதும். ஓரத்தில் ஏன் இவ்வளவு இடைவெளி என்றேன். "மய பெஞ்சா மரம் ஊதும்மா. அதுக்கு எடம் வுடணும்." ஊசி மருந்து அறை என் இடுப்பு உயரத்தில். வேகமாக இழுத்தாலும் கழன்று விழாதபடி பின்னால் ஒரு தடைக்கட்டை.

28 நவம்பர்

ஆண்டறிக்கை வந்தது. "காரியதரிசியின் யோசனைப்படி அலமாரி திருத்தியமைக்கப்பட்டது." உண்மைதான். அவர் யோசனை இல்லாவிட்டால் திருத்தவே வேண்டியிருக்காது.

12 டிசம்பர், சனி

விடாத மழை. காலையில் சாத்தாங்காட்டு மங்கைக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. அவளுக்கும் ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டேன், நின்றது. பத்து மணிக்கெல்லாம் டீ கேட்டாள். சர்க்கரை போதவில்லை என்று செல்லம்மாவோடு சண்டை.

சாயங்காலம் குளிக்கும்போதுதான் தோன்றியது: மருந்து அறையை நானேதான் திறந்திருக்க வேண்டும். எந்தக் கையால் திறந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை.